அக்னோசியா: இதுக்கு தமிழ்ல ‘மறதி’ன்னு போட்டா சரியா வருமா?

தேரூர் குளத்தங்கரையில எங்க மாமா நின்னா, பறவை பாக்க வர்ற பசங்க எல்லாம் அவரு பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிப்பானுவ, ஏன்னா இவனுவ பைனாகுலர எடுத்து கண்ணுல வைக்கதுக்குள்ள மாமா சத்தத்த வச்சே என்ன பறவைன்னு சொல்லிருவாரு. போன தை மாசம் தலைக்கு மேல ஒரு கூட்டம் சீழ்க்கைச் சிறகி வாத்து விசிலடிச்சுட்டே போச்சு. மாமா நிமிந்து பாத்துட்டு “யாரு மக்கா விசிலடிக்கது, நம்மளையா கூப்பிடுகான்?”னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் ஓடல.

காது டெஸ்ட் எடுத்தோம், நல்லா கேக்கு. கண்ணும் கிளியர். காலைல என்ன கறி, நேத்து யாரு வந்தா, பஸ்ஸுக்கு எவ்ளோ குடுத்தோம் எல்லாம் கரெக்டா சொல்லுகாரு, ஆனா ஊர்ல எல்லாரும் ‘மறதி நோய்’ங்காவ. எனக்கு அங்கதான் இடிக்கு.

கண்ணு காது நல்லா இருந்தும் பாக்கதும் கேக்கதும் இன்னதுன்னு தெரியாம போகதுக்கு டாக்டர்மார் சொல்லுக வார்த்தை அக்னோசியா. கிரேக்கத்துல ‘அ’ன்னா இல்ல, ‘க்னோசிஸ்’னா அறிவு. 1891ல பேச்சிழப்பு பத்தி எழுதுன புக்குல இந்த வார்த்தைய போட்டது பிராய்டு, ஆமா, கனவுக்கு அர்த்தம் சொன்ன அதே ஆளுதான். அதுக்கு முன்னாடி ஹெர்மன் முங்க்னு ஒரு ஜெர்மன்காரரு நாய்களோட மூளையில பின்பக்கம் கொஞ்சம் வெட்டி எடுத்து பாத்தாரு (பாவம் நாய்), அது எதுலயும் முட்டாம நடக்கும், முன்னால கிடக்க கறித்துண்டும் கண்ணுக்கு தெரியும், ஆனா அது கறின்னு தெரியாது. அதுக்கு அவரு வச்ச பேரு ‘ஆன்மக் குருடு’ங்க அர்த்தத்துல வரும்.

இதுல ஒரு விசேஷம், க்னோசிஸும் நம்ம ‘ஞானமும்’ ஒரே வேர்ல இருந்து வந்த ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. அப்போ அக்னோசியாவ எழுத்துக்கு எழுத்து மாத்துனா அஞ்ஞானம்! ஆனா நாப்பது வருஷம் குளத்தங்கரையில நின்ன மனுஷன போய் அஞ்ஞானின்னு சொன்னா மாமி வெளக்குமாத்த எடுத்துருவா. ‘அறியாமை’யும் அதே கததான், படிக்காதவன்னு ஆயிரும்.

மாமாவுக்கு இத கொண்டு வந்த நோய் செமான்டிக் டிமென்ஷியா, 1989ல வச்ச பேரு. மூளையில நெத்திப்பொட்டுக்கு உள்பக்கமா இருக்க டெம்போரல் மடலோட முன்பகுதி சுருங்கும். நடந்த சம்பவம் ஆரம்பத்துல நிக்கும், பொருளோட அர்த்தம்தான் கழண்டு போகும், அதுவும் நுனியில இருந்து. மொதல்ல சீழ்க்கைச் சிறகி போய் வாத்து ஆகும், அப்புறம் வாத்து போய் வெறும் பறவை, கடைசில ‘அது’. அதனால ரொம்ப தெரிஞ்சவனுக்குத்தான் நஷ்டம் மொதல்ல தெரியும், அதுவும் டெஸ்ட்ல மாட்டாது, வாத்து படத்த காட்டுனா “வாத்து”ன்னு சொல்லி மாமா முழு மார்க் வாங்கிட்டாரு, பழைய மாமாவா இருந்தா எந்த வாத்துன்னு திருப்பி கேட்டுருப்பாரு. அல்சைமர்ல பெரும்பாலும் மறதிதான் முன்னால வரும், அங்க ‘மறதி நோய்’ பொருந்தும், இங்க பொருந்தாது.

என் கணக்குல அக்னோசியாவுக்கு ‘இனங்காணாமை’ சரி. இனம்ங்கதுதான இதுல கழண்டு போகுது. சத்தத்துக்கு ஒலி இனங்காணாமை, பாக்கதுக்கு காட்சி இனங்காணாமை, 1947ல முகத்துக்குன்னு தனியா ஒரு பேரு வச்சாங்களே புரோசோபக்னோசியா, அதுக்கு முக இனங்காணாமை. எழுத்துல எழுத இது போதும்.

பேச்சுக்கு மாமி கிட்ட கேட்டேன், இவருக்கு என்னன்னு வர்றவங்க கிட்ட எப்படி சொல்லுகன்னு. வெங்காயம் உரிச்சுட்டே தலைய தூக்காம சொன்னா, “கேக்கு, பிடிபடல்ல.” இப்போ டாக்டர் கிட்டயும் நாங்க அப்படித்தான் சொல்லுகோம், அவரும் அதையே சீட்டுல எழுதுகாரு.