ரெய்டு 0: ஒரு டிஸ்க் படுக்கும்போது டேட்டாவை மீட்பது எப்படி?

வீடியோ எடிட் செய்பவர்களின் மேஜையில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட பெட்டி ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். உள்ளே 2 டிபி டிஸ்க் இரண்டு. கம்ப்யூட்டரில் 4 டிபி கொண்ட ஒரே டிரைவாகத் தெரியும். ஒரு நாள் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டிரைவ் காணாமல் போகும். ஆஃப் செய்து ஆன் செய்தால் திரும்பி வரும். அதே ஃபைலைத் தொட்டதும் மறுபடி மறையும். பதற்றத்தில் நாலைந்து தடவை இப்படிச் செய்து பார்ப்போம். மீட்டிருக்கக்கூடிய டேட்டா பல நேரம் அந்த நாலைந்து தடவையில்தான் கைவிட்டுப் போகிறது.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். வரும் டேட்டாவை 64 கேபி துண்டுகளாக நறுக்கி (128, 256 என்றும் இருக்கலாம்), முதல் துண்டை முதல் டிஸ்க்கில், அடுத்ததை இரண்டாவதில், மூன்றாவதை மறுபடி முதலாவதில் என்று சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுவதுபோல மாற்றி மாற்றி எழுதுகிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் உழைப்பதால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இதை ஸ்டிரைப்பிங் என்றும் ரெய்டு 0 என்றும் சொல்வார்கள். 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ரெய்டு என்ற பெயரோடு வெளியிட்ட கட்டுரையில் 1 முதல் 5 வரைதான் நிலைகள் இருந்தன. 0 பின்னால் வந்தது. கூடுதல் பிரதி எதுவும் இல்லை என்பதைத்தான் அந்தப் பூஜ்யம் சொல்கிறது. 3 எம்பி போட்டோ ஒன்று 48 துண்டாகி, டிஸ்க்குக்கு 24 வீதம் பிரிந்து கிடக்கும். ஒரு டிஸ்க் முழுக்கப் போய்விட்டால், ஒரே துண்டுக்குள் அடங்கிய குட்டி ஃபைல்கள்தான் முழுதாகத் தேறும்.

ஆனால் படுக்கும் டிஸ்க் ஒரேயடியாகச் சாவது குறைவு. பெரும்பாலும் சில ஆயிரம் செக்டர்கள் (டிஸ்க் படிக்கும் மிகச் சிறிய பகுதிகள்) மட்டும் படிக்க வராமல் போயிருக்கும். மீதியெல்லாம் நன்றாகவே இருக்கும். பிறகு ஏன் 4 டிபியும் சேர்ந்து மறைகிறது?

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு செக்டர் படிக்க வரவில்லையென்றால் உடனே கைவிடாது. அடுத்த சுற்றில் அந்த இடம் ஹெட்டுக்கு (படிக்கும் முனைக்கு) அடியில் வரும்போது மறுபடி முயலும், கொஞ்சம் தள்ளி வைத்தும் முயலும். பத்து வினாடி முயன்றால் தட்டு 1,200 தடவை சுற்றியிருக்கும். பெட்டியில் இரண்டு டிஸ்க்கையும் நடத்தும் கன்ட்ரோலர் சிப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சில வினாடி பதில் வராவிட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டி அதைக் கழற்றிவிடும். ஒன்று போனால் ரெய்டு 0-வில் மற்றதற்கு அர்த்தமில்லை என்பதால் மொத்த டிரைவும் மறைகிறது. ஆக, 4 கேபி அளவுள்ள ஒரே ஒரு செக்டர் 4 டிபியையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிட முடியும். இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் மீட்பின் பாதி வழி தெரிந்துவிடும்: டிஸ்க்குகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

வெளியே எடுத்த டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் 'ஃபார்மட் செய்யவா' என்றோ 'இனிஷியலைஸ் செய்யவா' என்றோ கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கும் ஓட்டக்கூடாது. அது ஃபைல் சிஸ்டத்தை (ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற ஏற்பாட்டை) சரிசெய்வதாக நினைத்து, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம். தட்டில் ஈரம் படியும். டக் டக் என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால், அது ஹெட் கெட்டதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியில்லாத அறையில் திறந்து பார்க்கும் வசதி உள்ள ஆட்களிடம் கொடுப்பதே சரி.

சத்தம் இல்லை, படிக்க மட்டும் திணறுகிறது என்றால் முதல் வேலை, டிஸ்க்கை செக்டர் செக்டராக இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. ஃபைல்களைத் தேடிப் போகக்கூடாது. ஃபைல் தேடினால் ஹெட் அங்குமிங்கும் அலையும், மோசமான இடத்திலேயே போய் முட்டி நிற்கும். லினக்ஸில் இதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இதன் புத்திசாலித்தனம் வேலையின் வரிசையில் இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். எங்காவது தடுக்கினால் அங்கே நிற்காமல் தாண்டிப் போய்விடும். பிறகு திரும்பி வந்து, தாண்டிய இடங்களின் ஓரங்களைச் செதுக்கும். கடைசியில்தான் நடுவில் இருப்பதை ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும்: வந்த பகுதிக்கு '+', வராததற்கு '-'. நடுவில் டிஸ்க் மயங்கி விழுந்தாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல டிஸ்க்கில், வினாடிக்கு 150 எம்பி வேகத்தில், 2 டிபி எடுக்க நாலு மணி நேரம் போதும். நோயாளி டிஸ்க்குக்கு நாட்கணக்கிலும் ஆகலாம். நன்றாக இருக்கும் டிஸ்க்கையும் இதேபோல் பிரதி எடுத்துவிட வேண்டும். இனி அசல் இரண்டையும் தொட வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் வருவது புதிர். கையில் இரண்டு இமேஜ், அதாவது நாம் எடுத்த பிரதிகள் இருக்கின்றன. எது முதல் டிஸ்க்? துண்டின் அளவு என்ன? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் பதில் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். என்டிஎஃப்எஸ் தன்னிடம் உள்ள எல்லா ஃபைல்களுக்கும் எம்எஃப்டி என்ற பதிவேடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவும் வழக்கமாக 1 கேபி. எக்ஸ்பி காலத்திலிருந்து ஒவ்வொன்றிலும் அதன் வரிசை எண்ணும் இருக்கிறது. பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு இமேஜைத் திறந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,120, 5,121 என்று வரிசையாகப் போய் 5,183-க்கு அடுத்து திடீரென 5,248 வருகிறது. மற்ற இமேஜில், இங்கே 5,120 முதல் 5,183 வரை இருந்த அதே இடத்தில், 5,184 முதல் 5,247 வரை இருக்கிறது. தொடர்ச்சியாக 64 பதிவுகள், ஒவ்வொன்றும் 1 கேபி. எனவே துண்டின் அளவு 64 கேபி. ஒரே இடத்தில் சின்ன எண் இருக்கும் இமேஜ்தான் முதல் டிஸ்க்.

இந்த விவரங்களைக் கொடுத்தால் லினக்ஸின் டிவைஸ் மேப்பர் என்ற வசதி இரண்டு இமேஜையும் ஒரே டிரைவாகக் காட்டும். படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்க வேண்டும். சில கன்ட்ரோலர்கள் டிஸ்க்கின் தொடக்கத்தில் தங்கள் குறிப்புக்கு இடம் ஒதுக்கியிருக்கும், அந்த அளவைத் தள்ளித் தொடங்க வேண்டும். (சில பெட்டிகள் நாம் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் டேட்டாவைக் குறியாக்கம் செய்தே எழுதும். இமேஜ் முழுக்கப் புரியாத பைட்டுகளாகவே இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்; அதை அவிழ்க்க அந்தப் பெட்டியே தேவைப்படலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.)

ஃபோல்டர் பெயர்கள் தெரிந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரிய போட்டோ ஒன்றைத் திறந்து பாருங்கள். அளவோ வரிசையோ தப்பாக இருந்தால் மேலே ஒரு பட்டை மட்டும் சரியாகத் தெரிந்து, கீழே நிறங்கள் குழம்பிக் கிடக்கும். முழுப் படமும் வந்தால் கணக்கு சரி.

கடைசியாக, வராத செக்டர்கள் எந்த ஃபைலில் விழுந்தன என்று பார்க்க வேண்டும். டிடிரெஸ்க்யூவிலேயே இதற்கும் வழி இருக்கிறது: மேப் ஃபைலில் '-' போட்ட இடங்களில் மட்டும், இமேஜில் நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நிரப்பும். பிறகு மீட்ட ஃபைல்கள் முழுவதிலும் அந்த வார்த்தையைத் தேடினால் அடிபட்டவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். அதில் வீடியோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். நடுவில் 4 கேபி ஓட்டை விழுந்த வீடியோ பெரும்பாலும் ஒரு கணம் கட்டம் கட்டமாகச் சிதறிவிட்டு, மேற்கொண்டு ஓடும்.