ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி

பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்ததும் முதலில் சொல்வது மீட்டரில் உள்ள எண்ணைத்தான். போன மாதம் வந்த தம்பியும் அப்படித்தான். "அண்ணா, ஆயிரம் சிசி, ஏழு வருஷ வண்டி, ஆறாயிரம்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரியே இருக்கு. நீங்க ஒரு தடவை பாத்துட்டா இன்னைக்கே முடிச்சிடுவேன்" என்றார். பளபளவென்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. நான் குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3417 என்றால் 2017ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்த டயர். இந்த வண்டியில் இருந்தது வண்டியோடு பிறந்த டயர். பட்டன் முழுசாக இருந்தது, ரப்பரோ நகம் இறங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. ஈரச் சாலையில் முதல் வளைவிலேயே வழுக்க அது போதும்.

ஏழு வருஷத்தில் ஆறாயிரம் என்றால் வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்திருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். நிற்கிற வண்டி சும்மா இருக்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஈரம் ஏறிய ஆயில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது சூட்டில் கொதித்து ஆவிக் குமிழி கட்டும், லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி மட்டும் நிற்காது. தம்பியின் வண்டியில் அது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் காய்ந்து வெடிக்கும், செயினில் சில கண்ணிகள் இறுகி மடங்க மறுக்கும், பழைய பெட்ரோல் பிசின் மாதிரி படிந்து இன்ஜெக்டரை அடைக்கும். அப்பப்போ வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் வண்டி நன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது இன்னும் மோசம், சூடேறாத இன்ஜினில் சேரும் தண்ணீர் ஆயிலிலேயே தங்கிவிடும்.

எந்த வண்டியாக இருந்தாலும் விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார், அல்லது உங்கள் மேல் அன்பு அதிகம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகளில் கரகரவென்று கேட்கும். வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் வெறும் ஈரம், நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் நன்றாக முறுக்குங்கள். கியர் தானாகக் கழன்று விழுந்தால் முன்சக்கரத்தைத் தூக்கி விளையாடிய வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்ய இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டிவரும்.

கையோடு ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வைத்திருக்கும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெகுலேட்டரையோ ஸ்டேட்டரையோ சந்தேகப்படலாம். ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், யாரோ அணைத்துவைத்திருக்கலாம்.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்க வெளியே மூடியிருக்கும் பிளாஸ்டிக் ஃபேரிங்கைப் பார்க்காதீர்கள், அதைப் புதுசாகவே மாட்டிவிடலாம். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். அது போய் இடிக்கிற இடத்தில், ஃபிரேமோடு சேர்ந்த சின்ன முட்டுக்கட்டை ஒன்று இருக்கும். அது நசுங்கியோ பெயிண்ட் வெடித்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக அடி வாங்கியிருக்கிறது, பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். ஃபுட்ரெஸ்ட் நுனி, லீவர் நுனி, இன்ஜின் கவர் எல்லாம் ஒரே பக்கம் மட்டும் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். டிரெயின் போல்ட்டிலும் பிரேக் காலிப்பர் போல்ட்டிலும் பொடித் துளைகள் போட்டிருந்தால் போல்ட் கழலாமல் இருக்கக் கம்பி கட்டி ரேஸ் டிராக்கில் ஓட்டிய வண்டியாக இருக்கலாம். அது தவறில்லை, டிராக்கில் ஓட்டுகிறவர்கள் ஆயிலை அடிக்கடி மாற்றுவார்கள். மறைத்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கேமுக்கும் நடுவில் இருக்கும் நூலளவு இடைவெளியை அளந்து சரிசெய்வது. நான்கு சிலிண்டர் வண்டிகளில் மாடலைப் பொறுத்து சுமார் 24,000 முதல் 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் வேலை இது. டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றினால்தான் கை போகும், கூலி கனமாக வரும், அதனாலேயே இந்த வேலைக்கு முன்னால் வண்டியை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. "சத்தமே இல்லையே, எதுக்கு?" என்பார்கள். இடைவெளி கூடினால்தான் டிக் டிக் என்று சத்தம் வரும். இந்த இன்ஜின்களில் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து தேய்ந்து உட்காருவதால் இடைவெளி பெரும்பாலும் குறையும், குறைந்தால் சத்தமும் குறையும். ஒரு நாள் வால்வு முழுசாக மூடாமல் சூடு கடத்த முடியாமல் கருகும்போதுதான் தெரியும்.

வாங்கிய பிறகு வருகிற செலவு வேறு கதை. ஒட்டும் ரப்பரில் செய்த பின் டயர் சிலருக்கு 5,000 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது அனல் முழுக்கத் தொடையில்தான். மணிக்கட்டு வலிக்கும், யு டர்ன் அடிக்க வண்டி திரும்பாது. இதெல்லாம் பழகிவிடும். பழகக் கூடாதது வேகம். 1999இல் சுசுகியின் ஹயபூசா பைக் வந்து மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியபோது, தயாரிப்பாளர்களே தங்களுக்குள் 300 என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். இன்னும் எல்லோரும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். நான் கவலைப்படுவது முதல் கியரைப் பற்றி, ஆயிரம் சிசி வண்டிகள் அதிலேயே 140ஐத் தாண்டிவிடும். மணிக்கு 200இல் ஒரு விநாடிக்கு சுமார் 55 மீட்டர் போய்விடுகிறோம், முன்னால் ஏதோ வருகிறது என்று மூளை உணர்வதற்குள் அதில் பெரும்பகுதி காலி. சின்ன வண்டியிலிருந்து நேராக இதற்குத் தாவுகிறவர்களிடம், இன்ஜின் வேகத்தை மென்மையாகக் கொடுக்கும் ரெயின் மோட் இருந்தால் முதல் சில மாதம் அதிலேயே ஓட்டுங்கள் என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். டயர், ஃபோர்க் சீல், செயின் செட், ஆயில்கள், பேட்டரி என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தொகையைக் குறைக்க விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை, "ஆறாயிரம்தான் ஓடியிருக்கு" என்று அவரும் அதையே சொன்னாராம். இரண்டு வாரம் கழித்துத் தம்பி வேறொரு வண்டியோடு வந்தார், 38,000 கிலோமீட்டர். இடது ஹேண்டில் நுனியில் ஒரு கீறல், நின்ற இடத்தில் சாய்ந்துவிட்டது என்று உரிமையாளரே முதலில் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு கனமான ஃபைல். அதில் வால்வு கிளியரன்ஸ் அளந்து எழுதிய தாள்கூட இருந்தது, பதினாறு வால்வுக்கும், கையெழுத்தில்.