சித்திரை வெய்யிலுக்கு காலேஜ் சோலார் பிச்சுக்கிட்டு ஓடுமாங்க?

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் காலேஜ் மொட்டமாடில இப்ப வரிசையா நீலப் பேனல் தெரியுதுங்க. அதப் பாத்துட்டு நம்ம சனம் "சித்திரை வெய்யிலு இந்தப் போடு போடுது, கரண்டு கொட்டுமே"ங்கும். அதான் இல்லீங்க, பேனலுக்கு வேணுங்கறது வெளிச்சம், சூடு இல்ல.

உள்ள இருக்கறது சிலிக்கான். வெளிச்சம் பட்டா எலக்ட்ரான் கழண்டு வரும், ரெண்டு வகை சிலிக்கான் ஒண்ணு சேர்ற எடத்துல அத ஒரே பக்கமா தள்ளி விடும், அந்த ஓட்டந்தான் கரண்டு. சூடேறுனா, எலக்ட்ரான் திரும்பி வராமத் தடுக்கற அந்த எடம் லூசாகி எலக்ட்ரான் வந்த வழியே கசிய ஆரம்பிக்கும், வோல்டேஜ் எறங்கிரும். பேனல்ல எழுதியிருக்கற வாட்டு 25 டிகிரில எடுத்த கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.35 சதவீதம் போகும், மத்தியானம் பேனல் 60 டிகிரி ஆச்சுன்னா 12 சதவீதம் அவுட்டு. நாம கொஞ்சம் குடுத்து வெச்சவங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பேனலுக்கு அடில பூந்து சூட்ட எடுத்துட்டுப் போயிரும், தரையோட ஒட்டாம கால் வெச்சு நிறுத்துனா இந்த லாபமும் சேந்து கெடைக்கும். என்ன, ஆடில காத்தோட மேகமும் வந்துரும்.

கரண்டு போனா சோலாரும் நின்னுருதேன்னு பசங்க சிரிப்பாங்க. பேட்டரி இல்லாத சிஸ்டத்துல இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்ட லைன் கரண்டா மாத்தற பெட்டி, ஈபி லைனோட தாளத்துக்குத்தான் ஓடும், லைன் செத்தா தானும் நிறுத்திக்கும், இல்லாட்டி கம்பத்துல ஏறி வேலை பாக்கறவருக்கு இங்கிருந்து போற கரண்டு ஷாக் அடிச்சிருமுங்க.

கிளாசு, லேபு எல்லாம் பகல்ல ஓடறதால காலேஜுக்கும் சோலாருக்கும் நல்ல பொருத்தம், ஹாஸ்டல் மட்டுந்தான் ராத்திரி கேக்கும்.

ஆனா பேனலுக்கு ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடி தலைக்கு மேல சுத்தறதப் பாக்கோணும். பழைய ஃபேன் 75 வாட்டு, பிஎல்டிசிங்கற காந்தம் வெச்ச மோட்டார் ஃபேன் 30 வாட்டு போல. பழைய ஃபேன்ல மோட்டார் சூடாகியே பாதி வீணாப் போகும், பிஎல்டிசில காந்தம் இருக்கறதால அந்தச் சேதாரம் கம்மி. ஒரு கிளாஸ்ல ஆறு ஃபேன மாத்துனா 270 வாட்டு மிச்சம், எட்டு மணி நேரத்துக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல. நம்மூர்ல ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் போல தரும், அப்ப ரெண்டு கிளாஸ் ஃபேன மாத்துனாலே ஒரு கிலோவாட் பேனல் மாட்டுன கணக்கு. இந்த மிச்சம் ஆடி மேகத்துலயும் கெடைக்கும், ராத்திரி ஹாஸ்டல்லயும் கெடைக்கும்.