வைரஸ் போன பிறகு வரும் கிருமிகள்

"டெஸ்ட் நெகட்டிவ் வந்துடுச்சே டாக்டர், அப்புறம் ஏன் இன்னும் வென்டிலேட்டர்?" கொரோனா இரண்டாம் அலையின்போது ஐசியு வாசலில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

வைரஸ் போனாலும் அது புண்ணாக்கிய நுரையீரல் உடனே ஆறிவிடுவதில்லை. அந்த நிலையில்தான் அடுத்த கிருமி வருகிறது. தொண்டைக்குள் போட்டிருக்கும் டியூப், கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் லைன், சிறுநீர்க் குழாய், எல்லாமே உயிர் காக்கத் தேவையானவை. கிருமிகள் உள்ளே நுழைவதும் அவை வழியாகத்தான். மயக்க மருந்தில் இருப்பவரால் இருமிச் சளியை வெளியேற்றவும் முடியாது. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களை நம் ஐசியுக்களில் அடிக்கடி பார்க்கிறோம். பல நேரம் மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கூட அவற்றிடம் வேலை செய்யாது. மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற சில மருந்துகள். அதுவோ சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

அப்படியானால் முதல் நாளே பெரிய ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். கொரோனாவோடு அட்மிட் ஆகும்போதே பாக்டீரியா தொற்றும் இருந்தவர்கள் குறைவுதான். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் விழுங்கப்பட்ட அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், கொரோனா மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை. தேவையில்லாமல் போடும் மருந்து சாதாரணக் கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. இன்ஃப்ளூயன்சா நிமோனியாவின் கதை வேறு. அதில் தொடக்கத்திலேயே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வது உண்டு என்பதால், தீவிர நிலையில் வருபவருக்கு ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்க மாட்டோம். இரண்டிலும் முடிந்தவரை மருந்துக்கு முன்பே ரத்தமும் சளியும் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, போக வேண்டும். ரிசல்ட் பார்த்து மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ நோயாளியைக் கைவிடுவது ஆகிவிடாது. அதுவும் சிகிச்சைதான்.

எனக்கு அதிக வருத்தம் தருவது ஸ்டீராய்டு விஷயம். அதே ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் சொன்னது தெளிவாக இருந்தது: தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. ஆனாலும் காய்ச்சல் வந்த மறுநாளே வீட்டில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் எத்தனை பேர்! டோசும் அதிகம், நாளும் அதிகம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும், சுகரையும் ஏற்றிவிடும். கருப்புப் பூஞ்சைக்கு இரண்டுமே சாதகம். 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் மருந்தைத் தேடி குடும்பங்கள் அலைந்த நாட்கள் அவை. அந்த மருந்து மட்டும் போதாது, அழுகிய திசுவை அறுவை செய்து அகற்றவும் வேண்டும். கண்ணையே எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு.

ஐசியுவில் இருப்பவரைப் பார்க்கப் போனால் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். டியூபையும் லைனையும் எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்குச் சுகரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், முன்பு சுகரே இல்லாதவராக இருந்தாலும் சரி. ஒரு பக்கம் மட்டும் முகவலி அல்லது மரத்துப்போதல், மூக்கில் கருப்பாகச் சளி, பல் ஆட்டம், கண் வீக்கம், பார்வை மங்கல் என்று கருப்புப் பூஞ்சையின் அறிகுறி எது தெரிந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.