டிரேட் நடந்த அன்றே தீர்ப்பா?

இந்த வாரம் இன்னொரு அப்பா. ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆடும் 17 வயது மகனுக்குத் தோள்பட்டை வலி. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, "டிரைஸ்டேல் மாதிரி ஆகிவிடுவானா? அவனை வாங்கி ஃப்ளையர்ஸ் ஏமாந்துட்டாங்களே" என்கிறார். பிசியோதெரபிஸ்டான எனக்கு இதற்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும் போல.

அவர் சொல்வது என்ஹெச்எல்லில் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) ஆடும் டிரைஸ்டேலை. ஃப்ளையர்ஸ் என்பது பிலடெல்பியா அணி. 2024 ஜனவரியில் நடந்த டிரேட் அது, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது. அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022இல் 5-ஆவதாக எடுக்கப்பட்ட கட்டர் கோத்தியே பிலடெல்பியாவுடன் ஒப்பந்தம் போட மறுத்தார். அனஹைம் அவரை வாங்கிக்கொண்டு ஜேமி டிரைஸ்டேலையும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்தது. ஒருவருக்கு வயது 19, மற்றவருக்கு 21. அன்று மாலையே யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்!

எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: இருபது வயதில் எடுத்த பாயிண்ட்டை (கோலும், கோலுக்கு உதவியதும்) வைத்து ஒரு பையனின் மொத்தக் கணக்கையும் முடித்துவிடுவது. பிலிப் ஃபோர்ஸ்பெர்க்கைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் வாஷிங்டன் 18 வயதில் அவரை நாஷ்வில்லுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்த மார்ட்டின் எராட் மாதிரி அனுபவசாலி உடனே கைகொடுப்பார் என்ற கணக்கு. அடுத்த பருவத்தில் ஃபோர்ஸ்பெர்க் என்ஹெச்எல்லில் ஆடியது 13 ஆட்டம், மீதி நேரம் மில்வாக்கியில், மைனர் லீக்கில். அப்போது மதிப்பெண் போட்டிருந்தால் ஃபெயில்தான். அதற்கடுத்த பருவத்தில் 26 கோல். இன்று நாஷ்வில் அணியின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். மில்வாக்கியில் போன அந்த வருடம் வீண் இல்லை, சார். அதுதான் வளர்ச்சி.

டிரைஸ்டேலுக்கு 2022-23இல் தோள்மூட்டின் லேப்ரம் (மூட்டுக் குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம்) கிழிந்து அறுவை சிகிச்சை. 8 ஆட்டத்தோடு பருவம் முடிந்தது. இதைத்தான் 'கண்ணாடி உடம்பு' என்கிறார்கள். தையல் ஆறுவது ஒரு பக்கம், பயமில்லாமல் போர்டில் (ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) போய் மோதுவது இன்னொரு பக்கம். இரண்டாவதற்கு எந்த ஸ்கேனும் தேதி சொல்லாது.

பெற்றோருக்கு: அணி மாறினால் எத்தனை நிமிடம் ஆடவிடுவார்கள், எந்தப் பயிற்சியாளரிடம் போகிறான் என்று முதலில் கேளுங்கள். யாருக்கு லாபம் என்பதெல்லாம் அப்புறம். புது அணி, புது ஜிம் திட்டம், புது ஸ்கேட் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். வலியை மறைத்து ஆடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. பழைய அறுவை சிகிச்சை அறிக்கை, ஸ்கேன், பயிற்சிக் குறிப்பு எல்லாம் முதல் பயிற்சிக்கு முன்பே புது அணியின் தெரபிஸ்ட் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பையன் நேரில் சொல்லிக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். இடம் பறிபோகுமோ என்ற பயத்தில் அவன் சொல்லமாட்டான்.