வயலுக்கு ஒரு கோடு, பயிருக்கு இன்னொரு கோடு

காவிரி டெல்டாவில் தை மாதம் முற்றி நிற்கும் நெல் வயலைப் பாருங்கள். அறுவடைக்கு ஏழு, பத்து நாள் இருக்கும்போதே, மண்ணில் ஈரம் இருக்கிறதென்று நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே உளுந்து தெரியும். அந்த ஒரு வாரம் ஒரே மண்ணில் இரண்டு பயிர் இருக்கிறது. வயலை வரைந்து கணக்கு வைக்கும் செல்போன் செயலியில் இதை எப்படிப் பதிவது?

‘இந்த வயலில் என்ன பயிர்?’ என்று ஒரே ஒரு கட்டம் மட்டும் வைத்திருந்தால் சிக்கல்தான். உளுந்து என்று மாற்றினால் நெல் காணாமல் போகும். செயலியில் வரைந்த வயலின் எல்லைக்கோட்டையே அழித்துவிட்டுப் புதிதாக வரைபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால், பழைய கோட்டோடு கட்டியிருந்த மண் பரிசோதனை, உரக் கணக்கு, மகசூல் எல்லாம் சேர்ந்தே போய்விடும். பல வருட உழைப்பின் நினைவு அது. இழக்கவே கூடாது.

அதனால் இரண்டு அடுக்காக வைப்பதுதான் சரி. கீழே வயல்: அதற்கென மாறாத ஓர் எண், வரப்பை ஒட்டிய ஒரு கோடு. மேலே பயிர்: தனி வடிவம், விதைத்த தேதி, அறுத்த தேதி. முக்கால் பாகம் நெல், மிச்சத்தில் காய்கறி என்றால் ஒரே வயலுக்குள் இரண்டு பயிர்க்கோடு. தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் தப்பில்லை. உளுந்து அதைத்தானே கேட்கிறது!

கோடு என்று நாம் பார்ப்பது உள்ளே வெறும் மூலைப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. தசமத்தில் ஐந்து இலக்கம் இருந்தால் புள்ளி சுமார் 1 மீட்டருக்குள் நிற்கும். நான்கோடு வெட்டிவிட்டால் ஒரு படி 11 மீட்டர், கோடு பக்கத்து வயலுக்கே போய்விடலாம். பரப்பு காண, இந்த எண்களை மீட்டராக்கி, ஒரு மூலையின் கிழக்குத் தூரத்தை அடுத்த மூலையின் வடக்குத் தூரத்தால் பெருக்கி, அதிலிருந்து மாற்றிப் பெருக்கியதைக் கழித்து, வயலைச் சுற்றி எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். எத்தனை கோணல் இருந்தாலும் கணக்கு இதுதான்.

சரி, வரப்பில் போனோடு நடந்தால் போதுமா? திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். தென்னை நிழலில் இன்னும் மோசம். ஒரு ஏக்கர் சதுர வயலின் பக்கம் சுமார் 64 மீட்டர். நான்கு பக்கமும் 3 மீட்டர் வெளியே தள்ளினால் 100 சென்ட் 120 சென்ட் ஆகிவிடும்! ஆனால் சில நிமிடத்தில் நடந்து முடித்தால், பிழை பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். அப்போது வயல் அப்படியே நகர்ந்து நிற்கும்: பரப்பு ஏறக்குறைய சரியாக வரும், இடம் தப்பாக இருக்கும். அதனால் நடந்து எடுத்த கோட்டைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, மூலைகளைக் கையால் திருத்துங்கள். இந்தக் கோடு உழவுக்கான கணக்கு மட்டுமே. சர்வே எண்ணின் புலப்படத்துக்கு மாற்று ஆகாது.

பொது வரப்பு உள்ள இரு வயல்களைத் தனித்தனியே வரைந்தால் நடுவில் மெல்லிய இடைவெளியோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கீற்றோ விழும். க்யூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் ‘ஸ்னாப்பிங்’கைப் போட்டுவிட்டால், புதிய புள்ளி பழைய மூலையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், செயற்கைக்கோள் படத்தில் பயிரின் பச்சையை அளக்கும்போது கோட்டை உள்ளே சுருக்க வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் சிறு சதுரக் கட்டங்களால் ஆனது; அதில் மிக நுணுக்கமான கட்டத்தின் பக்கமே 10 மீட்டர். ஓரக் கட்டத்தில் நெல்லோடு வரப்பும் வாய்க்காலும் கலந்திருக்கும். ஒரு ஏக்கருக்கு சுமார் 40 கட்டம். சுற்றிலும் 10 மீட்டர் விட்டால் மிஞ்சுவது 19தான். குறைவுதான், ஆனால் அந்த 19ம் முழுக்க அந்தப் பயிரைப் பற்றியே பேசும். சுருக்கிய கோட்டை மட்டும் வயலின் கோட்டுக்கு மேல் சேமித்துவிடாதீர்கள்.