ஒரு கிராம் கரியில் 25 சென்ட் நிலம்

காங்கேயம் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையைத் தொட்டி என்பார்கள். பருப்பு எண்ணெய்க்குப் போனபின் மிஞ்சும் தொட்டியைக் குழியில் போட்டுத் தீ மூட்டி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் தொட்டிக்கரி கிடைக்கும். சாதாரண அடுப்புக்கரியைவிட இது கெட்டி. இதையே இன்னொரு முறை சூடேற்றினால், தண்ணீரில் கரைந்திருக்கும் நஞ்சைப் பிடித்து வைக்கும் பொருளாகிவிடுகிறது.

அந்த இரண்டாவது சூட்டில்தான் விஷயம் இருக்கிறது. 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கரியின் ஊடே நீராவியைச் செலுத்துவார்கள். நீராவியும் கரியும் வினைபுரிந்து, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். அதாவது, கரியில் ஒரு பகுதியை நீராவி தின்றுவிடுகிறது. தின்ற இடமெல்லாம் துளை. தொட்டிக்கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை. தலைமுடியின் பருமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இத்தனை துளைகளின் உட்சுவர்களையும் விரித்துப் போட்டால், ஒரே கிராம் கரியில் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் 25 சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள் வீடும் தோட்டமும் போடுகிற அளவு இடம்!

பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல இந்தக் கரி எதையும் குடிப்பதில்லை. சுவரில் ஒட்ட வைத்துக்கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். சாயம், வாடை தரும் கரிமப் பொருட்கள் எல்லாம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். உலோகம் அப்படியில்லை. ஈயமும் காட்மியமும் நேர்மின்சுமை கொண்ட அயனிகளாக, நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு திரிகின்றன. வெறும் கார்பன் சுவரில் அவற்றுக்குப் பிடிப்பு குறைவு. சுவரின் விளிம்புகளில் ஆக்சிஜன் சேர்ந்த கார்பாக்சில் போன்ற தொகுதிகள் இருந்தால்தான் உலோக அயனி வந்து மாட்டும். கரியை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தெடுத்தால் இந்தத் தொகுதிகள் கூடும்.

அப்புறம் தண்ணீரின் பிஎச் அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் கூடக் கூட இது குறையும். அமிலம் மிகுந்த நீரில் கரியின் பரப்பு நேர்மின்சுமை ஏற்கிறது. அது ஈய அயனியைத் தள்ளிவிடும். பிஎச் 5, 6 என்று உயர்ந்தால் அதே கரி ஈயத்தைப் பிடிக்கும். குரோமியத்துக்கு இது தலைகீழ். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவில் வரும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, குரோமேட் என்ற எதிர்மின்சுமை அயனியாக இருக்கிறது. அதனால் பிஎச் 2, 3 இருக்கும்போதுதான் நன்றாக ஒட்டும். ஒரே கரி, ஒரே தண்ணீர். பிஎச் மாறினால் வேலையே மாறிவிடும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மஞ்சள் நிறக் குரோமேட் கரைசலில் கரித்தூளைப் போட்டு, சில மணி நேரம் குலுக்கி வடிகட்டினால், நிறமற்ற நீர் இறங்கும். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் டைஃபீனைல் கார்பசைடு என்ற சோதனைப் பொருளை, அமிலம் சேர்த்து அந்த நீரில் விட்டுப் பார்த்தால் ஊதா நிறம் வரவில்லை. சரி, குரோமியம் போய்விட்டது என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அமில நீரில் கரி குரோமியத்தை ஒட்டவைப்பதோடு நிற்காமல், அதில் ஒரு பகுதியை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடுகிறது. நச்சு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குரோமியம் ஊதா நிறம் காட்டாமல் தண்ணீரிலேயே இருக்கக்கூடும். மொத்தக் குரோமியத்தை அளக்காமல் வெற்றி என்று சொல்வது தவறு.

இந்தத் துல்லியம் நமக்கு ஏன் வேண்டும் என்றால், ராணிப்பேட்டை இருக்கிறது. குரோமேட் ரசாயனங்கள் செய்த ஆலை அங்கே மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தும், ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக நீர் கசியும். ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தக் கழிவுநீரை நீர்நிலையில் விடக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

நிலக்கடலைத் தோல், சீமைக்கருவேலம், புளியங்கொட்டை என்று கைக்குக் கிடைக்கும் எல்லாவற்றிலும் கரி செய்து பார்த்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இவற்றில் பல, சுத்தமான நீரில் ஒரே உலோகத்தைக் கரைத்துச் செய்த சோதனைகள். நிஜக் கழிவுநீரில் உப்பும் சாயமும் மற்ற உலோகங்களும் அதே இடத்துக்குப் போட்டி போடும். அதனால், முதலில் சுண்ணாம்பு சேர்த்து ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களின் பெரும்பங்கைப் படியவைத்துவிட்டு, மிச்சத்தைப் பிடிக்கக் கரியை வைப்பதே சரியான வேலைப்பங்கீடு என்பது என் கருத்து. கரி சுடும் இடத்தையும் மறக்க முடியாது. குழிப்புகையும், கரியை அணைக்க ஊற்றிய தண்ணீர் கிணறுகளில் இறங்குவதும் கொங்கு விவசாயிகளின் நெடுநாள் புகார்.

இனி, இடம் நிரம்பிப்போன கரி. அதில் உலோகம் அழிந்துவிடவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஈயம் பிடித்த கரியை அமிலத்தாலும், குரோமேட் பிடித்ததைக் காரத்தாலும் கழுவி, உலோகத்தைச் சிறிதளவு நீரில் திரட்டி மீட்கலாம். கழுவிய கரி மறுபடி உதவும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலு குறைந்து. அதுவும் முடியாதபோது அது அபாயகரக் கழிவு. அடியில் கசிவுத்தடுப்புப் போட்ட நிலநிரப்பிடத்துக்குத்தான் போக வேண்டும். மூட்டை கட்டிப் பட்டறைக்குப் பின்னால் போட்டுவைத்தால், பிஎச் வேறான மழைநீர் மூட்டையில் ஊறி, பிடித்த உலோகத்தில் ஒரு பங்கைத் திரும்ப மண்ணில் இறக்கிவிடும்.